வண்டிக்கு அடியில் எண்ணெய்ச் சொட்டு: எங்கிருந்து வருகிறது, எதை மாற்றுவது, எங்கே கையை எடுப்பது

எங்கள் வீட்டில் ஐந்து வண்டிகள் ஓடுகின்றன. எல்லாம் சென்னை காசிமேட்டிலிருந்து மீன் ஏற்றுகிறவை. நான்கு 100 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் பைக். ஐந்தாவது, விற்கவே மாட்டேன் என்று அப்பா வைத்திருக்கும் டூ ஸ்ட்ரோக் ஆர்எக்ஸ் 100. இருட்டு விலகும் முன் ஐஸ் பெட்டி ஏறிவிடும். பெட்டியிலிருந்து வடிகிற உப்புத் தண்ணீரில் செயினும் எஞ்சினின் பின்பக்கமும் மாதவரம் போகும்வரை குளிக்கும். அதனால் ஆயில் ஒழுகல் எங்கள் வீட்டில் ஜலதோஷம் மாதிரி, ஐந்தில் ஒன்றுக்கு எப்போதும் இருக்கும்.

ஆரம்பத்தில், ஒழுகினால் கேஸ்கெட் கிட் (பாகங்கள் சேருமிடங்களில் வைக்கிற மெல்லிய அட்டைகள்) வாங்கி எஞ்சினைப் பிரிப்பதுதான் வைத்தியம் என்று நினைத்திருந்தேன். பாதி தடவை பிரித்திருக்கவே வேண்டாம். பிரித்ததால் புதிதாக ஒழுக ஆரம்பித்த இடங்களும் உண்டு. கீழே இருப்பது அந்த அனுபவத்தில் வந்த வரிசை. செலவில்லாதது முதலில், பர்ஸைக் காலி செய்வது கடைசியில்.

நாலு சக்கர ஏடிவி வைத்திருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். தெரிந்தவர் ஒருவர் கடற்கரை சவாரிக்கு விட்டிருந்த ஏடிவியை ஒருமுறை கொண்டுவந்தார். கழுவிப் பார்த்தால் படுத்த சிலிண்டர், 110 சிசி, நம்ம ஊர் பைக் எஞ்சினின் ஒன்றுவிட்ட தம்பி. மணல் மட்டும் கூடுதலாக இருந்தது.

எதையும் கழற்றும் முன்

சொட்டுகிற இடமும் ஒழுகுகிற இடமும் ஒன்றல்ல. எண்ணெய் மேலே எங்கோ கசிந்து, ஃபின் (சிலிண்டரைச் சுற்றியிருக்கிற குளிர்விக்கும் தகடுகள்) வழியாக இறங்கி, காற்றில் பின்னால் ஓடி, கடைசியில் ஆயில் வடிக்கிற ட்ரெயின் போல்ட் முனையில் வந்து தொங்கும். பார்ப்பவர் ட்ரெயின் போல்ட்டைத் திட்டுவார்.

எஞ்சின் ஆறியபின் மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் வைத்து முழுக்கத் தேய்த்து, துணியால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். ஈரமாக இருக்கும்போது ஸ்டார்ட் செய்ய வேண்டாம். காய்ந்ததும் முகத்துக்குப் போடுகிற பவுடரை எஞ்சின் மேல் தூவி, பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளையில் கறுப்புக் கோடு விழுந்திருக்கும். அந்தக் கோட்டைப் பிடித்து மேலேயும் முன்னேயும் போங்கள். கோடு தொடங்குகிற இடம்தான் குற்றவாளி. என் வேலையில் இதைவிடப் பெரிய கருவி எதுவும் கிடையாது.

ஒழுகுவது எஞ்சின் ஆயில்தானா என்பதையும் விரலில் தொட்டுப் பாருங்கள். மணலோடு கெட்டியாக இருந்தால் செயின் கிரீஸ். வாசனை அடித்துவிட்டு உடனே காய்ந்தால் பெட்ரோல், அது கார்புரேட்டர் வேலை. ஐஸ் பெட்டித் தண்ணீர் என்றால் மூக்கே சொல்லிவிடும்.

அறிகுறி: ராத்திரி நிறுத்திய இடத்தில் காலையில் சொட்டு

*ஆயில் அளவு கூடுதலாக இருக்கிறதா?* சம தரை, சென்டர் ஸ்டாண்ட், எஞ்சினை அணைத்துச் சில நிமிடம் கழித்து ஆயில் அளக்கும் ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். சில வண்டிகளில் ஸ்டிக்கைத் திருகாமல் வைத்து அளக்க வேண்டும், சிலவற்றில் திருகி. வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும். 100 சிசி வண்டிகளுக்குப் பெரும்பாலும் 900 மி.லி.யிலிருந்து ஒரு லிட்டர்தான். ‘கொஞ்சம் சேர்த்து ஊத்துப்பா, நல்லது’ என்று ஊற்றுகிற அந்தக் கொஞ்சம்தான் சீல் (ஷாஃப்டைச் சுற்றி எண்ணெயைத் தடுக்கிற ரப்பர் வளையம்) வழியாக வெளியே வருகிறது.

*நீங்கள் ஊற்றாமலே அளவு ஏறியிருக்கிறதா?* ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை வந்தால் கார்புரேட்டர் ஃப்ளோட் நீடில் (பெட்ரோலை அடைக்கிற ஊசி) பிடிக்கவில்லை, பெட்ரோல் எஞ்சினுக்குள் இறங்குகிறது. ஆயில் தண்ணீராகி எல்லாச் சந்திலும் கசியும். நீடிலைச் சரிசெய்து ஆயிலை மாற்றும்வரை வண்டியை ஓட்டாதீர்கள். பேரிங் போய்விடும்.

*பிரீதர் குழாய் அடைத்திருக்கிறதா?* எஞ்சினுக்குள் உண்டாகிற காற்றழுத்தம் வெளியே போகிற ரப்பர் குழாய் இது. இது அடைத்தால் அழுத்தம் எந்த சீல் பலவீனமோ அதைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். எங்கள் வண்டி ஒன்றுக்கு ஒரு பட்டறையில் இரண்டு முறை கேஸ்கெட் செட் மாற்றினார்கள். இரண்டு முறையும் பதினைந்தாவது நாள் ஒழுகியது. மூன்றாவது முறை நானே உட்கார்ந்து குழாயைக் கழற்றி ஊதிப் பார்த்தேன். கன்னம் வீங்கியதுதான் மிச்சம். கம்பியை விட்டுக் குத்தினால் சுண்டுவிரல் நீளத்துக்கு மண் கட்டி வந்தது. குளவி கூடு கட்டியிருக்கிறது. அதற்குப் பிறகு அந்த வண்டி ஒரு வருடம் ஒரு சொட்டு விடவில்லை.

*ட்ரெயின் போல்ட் வாஷர்.* ஒவ்வொரு ஆயில் மாற்றத்துக்கும் புதிது போட வேண்டிய சாதனம், யாரும் போடுவதில்லை. நசுங்கின வாஷரைப் பார்த்து போல்ட்டை இன்னும் முறுக்குவார்கள். எஞ்சின் கேஸ் (வெளிக்கூடு) அலுமினியம், போல்ட் இரும்பு. யார் தோற்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. மரை போயிருந்தால் இங்கே நிறுத்துங்கள். த்ரெட் டேப்பைச் சுற்றுவது, பெரிய போல்ட்டை அடித்து ஏற்றுவது எல்லாம் வேண்டாம். லேத் பட்டறையில் புது மரை வெட்டி காயில் இன்செர்ட் (மரைக்குள் உட்காரும் கம்பிச் சுருள்) போட்டுக் கொடுப்பார்கள்.

அறிகுறி: இடது பக்கம், செயின் ஸ்ப்ராக்கெட் கவருக்குள் எண்ணெய்

மீன் வண்டிகளில் அதிகம் வருவது இதுதான். உப்பும் மணலும் ஷாஃப்டுக்கும் சீலுக்கும் நடுவில் உட்கார்ந்து உப்புத்தாள் மாதிரி அரைக்கும். கவரைக் கழற்றி, கறுப்பு களிம்பை எல்லாம் வழித்துவிட்டு, மறுபடி பவுடர் வைத்தியம் செய்யுங்கள்.

*கியர் லிவர் ஷாஃப்டைச் சுற்றி நனைந்தால்:* சின்ன சீல், வெளியிலிருந்தே மாற்றலாம்.

*நியூட்ரல் சுவிட்ச் பக்கம் என்றால்:* பல வண்டிகளில் அங்கே ஒரு ஓ-ரிங்தான் இருக்கும். டீ காசு.

*ஸ்ப்ராக்கெட்டுக்குப் பின்னால் என்றால்:* ஸ்ப்ராக்கெட்டைக் கழற்றுங்கள். சீலை மாற்றும் முன் ஷாஃப்டைக் கையால் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது, புது சீல் ஒரு மாதம்கூடத் தாங்காது. அது எஞ்சினைப் பிரிக்கிற வேலை, மெக்கானிக்கிடம் போங்கள். ஆட்டம் இல்லையென்றால் நீங்களே செய்யலாம். செயினை எப்போதும் விறைப்பாக வைத்து ஓட்டுகிறீர்களா என்றும் பாருங்கள். பேரிங்கையும் சீலையும் அதுவே தின்றுவிடும்.

*மேக்னெட் (கரண்ட் உண்டாக்குகிற காந்தச் சக்கரம்) கவருக்குள் என்றால்:* சில எஞ்சின்களில் மேக்னெட் எண்ணெயிலேயே ஓடும், அவற்றில் இது நோயல்ல. உலர்ந்திருக்க வேண்டிய எஞ்சினில் எண்ணெய் தேங்கினால் கிராங்க் சீல், அல்லது ஸ்டேட்டர் தட்டைச் சுற்றி இருக்கிற ஓ-ரிங். மேக்னெட்டைக் கழற்ற அதற்கான புல்லர் வேண்டும். சுத்தியலால் தட்டிக் கழற்றினால் காந்தமும் கிராங்க் முனையும் சேர்ந்து போகும்.

*சீல் மாற்றும் விதம்.* பழைய சீலின் முகத்திலேயே மூன்று எண்கள் இருக்கும். உதாரணமாக 20, 34, 7 என்றால் ஷாஃப்ட் 20 மி.மீ., வெளிவட்டம் 34, தடிமன் 7. பழையதைக் கையோடு எடுத்துக்கொண்டு பிராட்வே பக்கம் சீல், பேரிங் கடைகளில் காட்டினால், வண்டி பெயரே கேட்காமல் எடுத்துப் போடுவார்கள். ஏடிவிக்காரருக்கும் அப்படித்தான் கிடைத்தது. பாக்கெட்டில் பைக் பெயர், உள்ளே அதே எண்.

பழைய சீலின் முகத்தில் சின்ன ஓட்டை போட்டு ஒரு ஸ்க்ரூவை இரண்டு சுற்று ஏற்றி, கொறடால் பிடித்து இழுங்கள். ஓட்டை போடும்போது ஷாஃப்டிலோ பின்னால் இருக்கிற பேரிங்கிலோ பட்டுவிடக் கூடாது. ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் சீல் உட்கார்கிற வளையத்தில் கீறல் விழும், பிறகு வெளிவட்டத்திலேயே ஒழுகும்.

இப்போது ஷாஃப்டில் சீல் உரசுகிற இடத்தை நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் மாட்டுகிற அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால், இடம் இருக்கும் பட்சத்தில் புது சீலை ஒரு மில்லிமீட்டர் முன்பின் தள்ளி உட்கார வைக்கலாம், சீலின் உதடு (ஷாஃப்டைத் தொடுகிற விளிம்பு) புது இடத்தில் படும். ஸ்ப்ரிங் தெரிகிற பக்கம் எண்ணெய் இருக்கும் பக்கத்தைப் பார்க்க வேண்டும். உதட்டில் கிரீஸ் தடவாமல் ஏற்றாதீர்கள். ஷாஃப்டில் பல் வெட்டியிருந்தால் அதன் மேல் மெல்லிய பிளாஸ்டிக் பையைச் சுற்றி, அதன் மேலே சீலை வழுக்கிவிடுங்கள். மீன் கட்டிக் கொடுக்கிற கவரே போதும். சீலின் வெளிவட்ட அளவுக்கு ஒரு பாக்ஸ் சாக்கெட்டை வைத்து, சுற்றிச் சுற்றி மெதுவாகத் தட்டி நேராக இறக்குங்கள்.

வலது பக்கம் கிக்கர் ஷாஃப்ட் சீலுக்கும் இதே முறைதான்.

அறிகுறி: சிலிண்டர் ஃபின்கள் நனைந்து தூசி அப்பியிருக்கிறது

மேலிருந்து கீழே வாருங்கள்.

முதலில் டேப்பெட் மூடிகளின் (வால்வு இடைவெளி சரிசெய்யத் திறக்கிற மூடிகள்) ஓ-ரிங். ரப்பர் சூட்டில் வெந்து பிளாஸ்டிக் மாதிரி ஆகியிருக்கும், நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழாது. மாற்றுங்கள். ஹெட் (சிலிண்டரின் தலைப்பகுதி) ஒழுகுகிறது என்று என்னிடம் வந்த வண்டிகளில் பெரும்பாலானவை இதிலேயே முடிந்துவிட்டன. அடுத்தது டைமிங் செயின் டென்ஷனர் போல்ட்டின் வாஷரும் கேஸ்கெட்டும்.

இரண்டும் நன்றாக இருந்தால் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் பாருங்கள். குளிர்ந்த எஞ்சினைச் சுற்றி அந்தச் சந்தில் சோப்புத் தண்ணீர் தடவி, ஸ்டார்ட் செய்து கவனியுங்கள். நுரை வந்தால் சிலிண்டருக்குள் எரிந்த வாயு தப்புகிறது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் ‘சுக் சுக்’ என்று சத்தம் கேட்டு சூடானதும் அடங்கும், ஏற்றத்தில் இழுவை குறையும். நுரை இல்லாமல் எண்ணெய் மட்டும் கசிந்தால் எண்ணெய் மேலே ஏறுகிற வழியோ, பிளாக்கின் அடிக் கேஸ்கெட்டோ.

*பிரிக்கும் முன்:* எஞ்சின் முழுக்க ஆறியபின் ஹெட் நட்டுகளை டார்க் ரெஞ்ச் வைத்து, புத்தகத்தில் சொன்ன அளவுக்கு, எதிரெதிராக ஒருமுறை சரிபாருங்கள். ஒன்று தளர்ந்திருந்தாலே கசியும். இறுக்கியும் நிற்கவில்லை என்றால்தான் பிரிப்பது.

*பிரித்தால்:* ஹெட்டின் முகத்தில் நேரான ஸ்டீல் ஸ்கேலை மூலைக்கு மூலை குறுக்காக வைத்து, அடியில் 0.05 மி.மீ. ஃபில்லர் இதழை (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு) நுழைத்துப் பாருங்கள். நுழைந்தால் ஹெட் வளைந்திருக்கிறது, லேத்தில் கொடுத்து முகம் தள்ள (சமமாகச் சீவ) வேண்டும். ராயபுரத்தில் போட் எஞ்சின் வேலை செய்கிற ஒரு லேத்தில்தான் நான் கொடுப்பேன். அந்த அண்ணன் ஸ்கேலே வைக்க மாட்டார், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒரு கண்ணை மூடுவார். ‘இன்னா தம்பி, தண்ணி இல்லாம வேவ வெச்சிருக்கே’ என்பார். ஆயில் குறைந்த வண்டி என்று அவருக்கு அதிலேயே தெரிந்துவிடும்.

ஹெட் கேஸ்கெட்டை ஒருபோதும் இரண்டாம் முறை போடாதீர்கள், பார்க்கப் புதிதாக இருந்தாலும். டைமிங் செயினைக் கழற்றும் முன் குறிகளைப் பார்த்து போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். டைமிங் குறி என்றால் என்ன என்று தெரியாவிட்டால் இந்த வேலையை மெக்கானிக்கிடம் விடுங்கள். ஒரு பல் தவறினால் வண்டி இழுக்காது. பல பல் தவறினால் வால்வு பிஸ்டனில் இடிக்கும்.

அறிகுறி: நீலப் புகை

காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஒரு கொத்து, அல்லது சிக்னலில் நின்று கிளம்பும்போது ஒரு கொத்து, பிறகு இல்லை: வால்வு சீல். ஓட்ட ஓட்ட, ஆக்ஸிலரேட்டர் திருகத் திருக விடாமல் வந்தால்: பிஸ்டன் ரிங். ஆயில் மாற்றிய மறுநாளே என்றால் அளவைப் பாருங்கள்.

சந்தேகம் தீர, கம்ப்ரஷன் மீட்டர் இரவல் வாங்கி அளந்துவிட்டு, பிளக் ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளங்கள். நன்றாக ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு பக்கம் அல்லது ஹெட் கேஸ்கெட். இரண்டில் எது என்றாலும் மெக்கானிக் வேலை. ஆனால் எது என்று தெரிந்துகொண்டு போனால் ‘ஃபுல் போரிங் பண்ணிடலாம்’ (சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்குவது) என்பதற்கு உடனே தலையாட்ட வேண்டியதில்லை.

அறிகுறி: ஆயில் பால் ஊற்றிய டீ நிறத்தில்

தண்ணீர் கலந்துவிட்டது. மழைக்காலத்தில் வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதைத் தண்ணீரில் இறக்கின வண்டிகளும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் மூழ்கின வண்டிகளும் இப்படித்தான் வந்தன. ஏர் கூல்டு எஞ்சினில் உள்ளே தண்ணீரே கிடையாது என்பதால் அது வெளியிலிருந்து, பிரீதர் வழியாகவோ ஸ்டிக்கின் ஓ-ரிங், கிக்கர் சீல் வழியாகவோ வந்தது.

மூழ்கின வண்டியைக் கிக் செய்யாதீர்கள். செல்ஃபும் வேண்டாம். பிளக்கைக் கழற்றுங்கள், ட்ரெயின் போல்ட்டைத் திறங்கள். முதலில் தண்ணீர் வரும், பிறகு பால். பிளக் இல்லாமலே கையால் கிக்கரை மெதுவாக அழுத்தி, சிலிண்டரில் இருக்கிற தண்ணீரை வெளியேற்றுங்கள். ஏர் ஃபில்டரைக் காயவிடுங்கள் அல்லது மாற்றுங்கள். விலை குறைந்த புது ஆயில் ஊற்றி ஐந்து நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு வடியுங்கள். பால் நிறம் மறையும்வரை இதையே திரும்பச் செய்யுங்கள், எங்களுக்கு இரண்டு மூன்று முறை ஆனது. கிக்கர் பாதியில் இறுகி நின்றால் அழுத்தாதீர்கள், வண்டியைத் தள்ளிக்கொண்டு மெக்கானிக்கிடம் போங்கள்.

ஸ்டிக்கின் நுனியில் மட்டும் லேசான வெள்ளைப் பாலாடை என்றால் பயப்பட வேண்டாம். தெருமுனைவரை மட்டும் ஓட்டுகிற வண்டிகளில் நீராவி படிந்து வரும். ஒருமுறை எண்ணூர் வரை ஓட்டிவிட்டு வந்து பாருங்கள்.

கூலன்ட் ஊற்றுகிற எஞ்சின் என்றால், பெரிய ஏடிவிகள் பலவும் அப்படித்தான், முதலில் வாட்டர் பம்ப்புக்கு அடியில் இருக்கிற சின்ன ஓட்டையைப் பாருங்கள். உள்ளே இரண்டு சீல்களுக்கு நடுவில் திறக்கிற ஓட்டை அது. கூலன்ட் வந்தால் தண்ணீர் பக்க சீல் போயிருக்கிறது, எண்ணெய் வந்தால் எண்ணெய் பக்க சீல். இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஓட்டை உலர்ந்திருந்தும் கூலன்ட் குறைந்து, வெள்ளைப் புகை இனிப்பு வாசனையோடு வந்தால் ஹெட் கேஸ்கெட். ஓட்டாதீர்கள்.

அறிகுறி: டூ ஸ்ட்ரோக்கில் ஆக்ஸிலரேட்டரை விட்டும் ரேஸ் இறங்கவில்லை

ஆர்எக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு. முதலில் கேபிள் மாட்டியிருக்கிறதா பாருங்கள். அடுத்து கார்புரேட்டர் ரப்பரில் வெடிப்பு. எஞ்சின் ஐடிலில் ஓடும்போது அந்த இடத்தில் சோப்புத் தண்ணீரைத் தெளித்தால், வெடிப்பு இருந்தால் ரேஸ் மாறும். பெட்ரோலைத் தெளித்துப் பார்க்கிற வேலை வேண்டவே வேண்டாம்.

அதுவும் இல்லையென்றால் கிராங்க் சீல். மேக்னெட் பக்கம் போனால் வெறும் காற்றை உறிஞ்சும். எஞ்சின் காய்ந்து பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், அதனால் தள்ளிப்போடக் கூடாத வேலை இது. கிளட்ச் பக்கம் போனால் கியர் ஆயிலை உறிஞ்சும்: புகை கூடும், கீழே ஒரு சொட்டுகூட விழாமல் கியர் ஆயில் குறையும். மேக்னெட் பக்கத்தைப் புல்லர் இருந்தால் வீட்டிலேயே மாற்றலாம். கிளட்ச் பக்கத்துக்கு கிளட்சையே இறக்க வேண்டும், சில எஞ்சின்களில் கேஸையே பிரிக்க வேண்டும். நான் மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுவேன்.

அறிகுறி: எல்லாம் மாற்றியாகிவிட்டது, மறுபடியும் ஒழுகுகிறது

*கவர் உட்காரும் முகத்தில் கீறல்.* கவர் வரவில்லை என்று ஸ்க்ரூடிரைவரைச் சந்தில் விட்டு நெம்பியிருப்பார்கள். பழைய கேஸ்கெட்டை ஹேக்சா பிளேடால் சுரண்டியிருப்பார்கள். ரப்பர் சுத்தியலால் சுற்றித் தட்டினால் கவர் தானே வரும். ஒட்டிய காகிதத்தைத் தின்னரில் ஊறவைத்து பிளாஸ்டிக் தகட்டால் வழியுங்கள்.

*பேஸ்ட்.* எங்கள் பக்கம் எந்த கம்பெனி சிலிக்கான் பேஸ்ட் என்றாலும் ‘அனாபாண்ட்’ என்றுதான் கேட்பார்கள். புது கேஸ்கெட், நல்ல முகம் என்றால் அது தேவையே இல்லை. போட்டால் நூல் கனத்துக்கு மேல் போடாதீர்கள். வெளியே பிதுங்குகிற அளவுக்கு உள்ளேயும் பிதுங்கும். அது பிய்ந்து போய் ஆயில் வலையை அடைத்தால் ஒழுகலோடு போக வேண்டியது எஞ்சினோடு போய்விடும்.

*அட்டையில் வெட்டின கேஸ்கெட்.* கல்யாணப் பத்திரிகையில் கிளட்ச் கவர் கேஸ்கெட் வெட்டி வீடு வந்து சேர்ந்திருக்கிறேன், பொய் சொல்லவில்லை. வீடு வந்து சேரத்தான் அது. ஹெட்டுக்கும் பிளாக் அடிக்கும் வேண்டாம். அங்கே தடிமன் மாறினால் கம்ப்ரஷனே மாறும்.

*போல்ட்.* கவர்களில் இருக்கிற 6 மி.மீ. போல்ட்டுகளுக்கு 10 நியூட்டன் மீட்டர் சுமார் போதும். டீ-ஸ்பேனரை இரண்டு விரலால் திருகினால் வருகிற இறுக்கம். நீளம் வேறுவேறாக இருக்கும், ஓர் அட்டையில் கவரின் படம் வரைந்து அந்தந்த இடத்திலேயே குத்தி வையுங்கள். நீளமானது தவறான ஓட்டையில் போனால் எஞ்சின் கேஸ் விரிசல் விடும்.

*மறந்த ஓ-ரிங்.* இது என் கதை. ஹெட் வேலை முழுக்க முடித்து, கையைக் கழுவி, டீ குடித்துவிட்டு வந்து மண்ணெண்ணெய்த் தட்டைக் கவிழ்க்கப் போனேன். அடியில் பச்சை நிறத்தில் ஒரு சின்ன வளையம் கிடந்தது. எண்ணெய் மேலே ஏறுகிற ஓட்டையைச் சுற்றி உட்கார வேண்டியது. மறுபடி முதலிலிருந்து. இப்போதெல்லாம் மூடும் முன் தட்டைக் கவிழ்த்துப் பார்த்துவிடுவேன்.

*கேஸ் நடு இணைப்பு.* பவுடர் கோடு எஞ்சினின் அடிவயிற்றில், இரண்டு பாதியும் சேர்கிற கோட்டில் தொடங்கினால் எஞ்சினை இறக்கி முழுக்கப் பிரிக்க வேண்டும். கூலி எல்லாவற்றையும்விட அதிகம். வேகமாக ஒழுகினால் வேறு வழியில்லை, நம்பிக்கையான மெக்கானிக்கிடம் கொடுங்கள். கொடுக்கும்போதே பேரிங், சீல் எல்லாம் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள், இரண்டாம் முறை பிரிக்கிற கூலி மிச்சம். ராத்திரிக்கு ஒரு சொட்டுதான் என்றால் நான் பிரிப்பதில்லை. வாரம் ஒருமுறை ஆயில் அளவு பார்த்து, கீழே ஓர் அட்டையைப் போட்டுவிடுவேன். அப்பாவின் ஆர்எக்ஸுக்கு அடியில் கிடக்கிற அட்டைக்கு இப்போது நான்கு வயது.